சண்டை நடுவில் வீரன் ஏன் அசையாமல் நிற்கிறான்? அனிமேஷன் தொடர்களின் ஓவியக் கணக்கு

'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் 'இன்ஃபினிட்டி காசில்' படம் 2025 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது தமிழ் டப்பிங்கும் கூடவே வந்தது. பிள்ளைகள் செல்போனில் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த கதைக்குப் பெரியவர்களும் டிக்கெட் எடுத்தார்கள். 155 நிமிடம் ஓடியும் கதை முடியவில்லை. மூன்று படங்களில் இது முதலாவது என்பது பலருக்கு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

சேலத்து வீடுகளில் பெரியவர்கள் கேட்கும் கேள்விகள் நியாயமானவை. வாளை ஓங்கியவன் ஏன் அரை நிமிடம் பழைய நினைவில் மூழ்குகிறான்? அடிப்பதற்கு முன் அடியின் பெயரை ஏன் கத்திச் சொல்ல வேண்டும்? முதல் சீசன் முடிந்து நான்கு வருடம் கழித்து இரண்டாவது சீசன் வருவானேன்? மின்னல் வெட்டும் இடத்தில் திரை ஏன் மங்குகிறது? மின்னல் கேள்வியை மட்டும் தனியாக வையுங்கள். மற்றவற்றுக்கெல்லாம் விடை இரண்டு எண்களில் இருக்கிறது: எத்தனை ஓவியம், எத்தனை வாரம்.

முதலில் ஒரு வினாடி

சினிமாவும் அனிமேஷனும் வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படங்களாக ஓடுகின்றன. ஆனால் 24 பிரேமுக்கும் 24 ஓவியம் வரைய வேண்டியதில்லை. ஒரே ஓவியத்தை இரண்டு பிரேம் நிறுத்தினால் வினாடிக்கு 12 ஓவியம் போதும். மூன்று பிரேம் நிறுத்தினால் 8. தொலைக்காட்சிக்கு வரும் ஜப்பானியத் தொடர்களில் இந்த எட்டுதான் சாதாரண நடை. வேகமான அடிக்கு 12, மிக முக்கியமான ஓரிரு நொடிக்கு மட்டும் 24 என்று ஏற்றிக்கொள்வார்கள்.

அரை மணி நேர எபிசோடில் விளம்பரம், தொடக்கப் பாட்டு, முடிவுப் பாட்டு எல்லாம் போகக் கதைக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 20 நிமிடம். அதாவது 1,200 வினாடி, 28,800 பிரேம். வினாடிக்கு எட்டு என்றாலும் 9,600 ஓவியம் வேண்டும். நடைமுறையில் ஒரு எபிசோடுக்குச் செலவாகும் ஓவியத் தாள்கள் 3,000 முதல் 5,000 வரைதான். சண்டை மிகுந்த எபிசோடுகள் அதைத் தாண்டும்.

4,000 தாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிமிடச் சண்டை ஒன்றை வினாடிக்கு 12 ஓவியமாக வரைந்தால் 1,440. சண்டையில் இருவர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனி லேயரில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தனித் தாளில் இருப்பதால் 2,880. மீதி 18 நிமிடத்துக்குக் கையில் இருப்பது 1,120 தாள், வினாடிக்கு ஒன்று. அந்த 18 நிமிடமும் எல்லோரும் ஏன் சிலைபோல நின்று பேசுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

மிச்சம் பிடிக்கும் வழிகள்

1963 ஜனவரி 1 அன்று ஜப்பானில் தொடங்கிய 'ஆஸ்ட்ரோ பாய்' வாரம் ஒரு அரைமணி எபிசோட் என்ற ஓட்டத்தை நிலைநாட்டியது. அதை உருவாக்கிய ஒசாமு தெசுகாவின் குழு அன்று கையாண்ட சிக்கன முறைகள்தாம் இன்றும் கணினியில் தொடர்கின்றன. பார்ப்பவர் எளிதில் அடையாளம் காணக்கூடியவை இவை:

1. உடம்பு ஒரு தாள், வாய் தனித் தாள். மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுதும் திறந்த வாய் என மூன்றே வடிவம். ஐந்து வினாடி வசனத்துக்கு நான்கு தாளில் வேலை முடிந்துவிடும்.

2. நீளமான ஒற்றை ஓவியத்தின் மேல் கேமரா நகர்வது. கோட்டை, படை, காயம்பட்டு விழுந்த வீரன் எல்லாம் இப்படித்தான் காட்டப்படும். அசைவது கேமரா மட்டுமே.

3. பின்னணியில் வேகக் கோடுகள். இரண்டு மூன்று ஓவியங்களைச் சுழலவிட்டால் நிற்பவனும் பறப்பதாகத் தெரியும்.

4. ஒருமுறை வரைந்து பல எபிசோடுகளில் திரும்பப் போடும் காட்சி. வாளை உயர்த்தி உருமாறும் காட்சி, ஐந்து எந்திரங்கள் ஒன்று சேரும் காட்சி இந்த வகை. 1983இல் வந்த அமெரிக்கத் தொடர் 'ஹீ-மேன்' இதைக் கூச்சமில்லாமல் செய்தது. பிள்ளைகள் அந்த இடத்துக்காகவே காத்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

5. வேடிக்கை பார்ப்பவர்களின் முகம். அடி விழும் கணத்தில் கூட்டத்தில் ஒருவன் கண்ணை அகலத் திறந்தால், விழுந்த அடியை வரைய வேண்டியதில்லை.

6. பழைய நினைவு. முன்பே வரைந்த ஓவியங்கள், அல்லது நிறம் மங்கிய ஒற்றைப் படங்கள்.

அடியின் பெயரைக் கத்துவதும் இந்தப் பட்டியலில் சேர வேண்டியதே. கதையில் அதற்குக் குருகுலம், மூச்சுப் பயிற்சி என்று நூறு காரணம் சொல்லியிருப்பார்கள். தயாரிப்புக் கணக்கில் அது நான்கு தாளில் கிடைக்கும் மூன்று வினாடி. கெட்டிக்கார எழுத்தாளர்கள் இந்தச் சிக்கனத்தையே கதையின் விதியாக மாற்றிவிடுகிறார்கள்: பெயர் சொன்னால்தான் சக்தி வரும், சக்தியை அடிக்கடி எடுத்தால் உடம்பு தாங்காது. வீரனின் சக்திக்கு வரம்பு வைத்த மாதிரியும் ஆயிற்று, ஓவியரின் கைக்கு ஓய்வு கொடுத்த மாதிரியும் ஆயிற்று.

எனவே நிற்கும் காட்சியைப் பார்த்துச் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டக் கூடாது. எங்கே நிறுத்தினார்கள், மிச்சம் பிடித்ததை எங்கே செலவழித்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 'டீமன் ஸ்லேயர்' முதல் சீசனின் 19ஆம் எபிசோட் உலகம் முழுக்கப் பேசப்பட்டதற்குக் காரணம், சேர்த்து வைத்ததை ஒரே இடத்தில் கொட்டியதுபோல் அமைந்த அதன் கடைசி நிமிடங்கள்.

எங்கே சிக்குகிறது

அரைமணி எபிசோடில் சுமார் 300 ஷாட் இருக்கும். ஒவ்வொன்றும் கடக்கும் பாதை: காட்சிகளைச் சிறு படங்களாகத் திட்டமிடும் ஸ்டோரிபோர்டு, யார் எங்கே நிற்பது என்று தீர்மானிக்கும் லேஅவுட், முக்கிய நிலைகளை வரையும் கீ ஓவியம், அனிமேஷன் இயக்குநரின் திருத்தம், கீ ஓவியங்களுக்கு நடுவே நிரப்பும் இடைநிலை ஓவியங்கள், சரிபார்ப்பு, வண்ணம், பின்னணியோடு இணைப்பு, எடிட்டிங், ஒலி.

இந்தப் பாதையின் குறுகலான இடம் அனிமேஷன் இயக்குநரின் மேசை. பத்து இருபது பேர் வரைந்த கீ ஓவியங்களில் கதாநாயகனின் மூக்கு பத்து விதமாக இருக்கும். அதையெல்லாம் ஒரே முகமாக ஆக்குபவர் அவர். ஸ்டோரிபோர்டு இரண்டு வாரம் தாமதமானால், அந்த இரண்டு வாரமும் கடைசியில் இவர் தலையில்தான் விழும். அப்போது உதவிக்குப் பலரைச் சேர்ப்பார்கள். எபிசோடின் முடிவில் ஓடும் பெயர்களில் அனிமேஷன் இயக்குநர் என்ற தலைப்பின் கீழ் ஒருவர் இருவருக்குப் பதில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தால், அது பெரும்பாலும் அவசரத்தில் முடித்த எபிசோட். முகம் ஷாட்டுக்கு ஷாட் மாறுவதும் அங்கேதான் தெரியும்.

இன்னொரு சிக்கல் வேலை பல ஊர்களுக்குப் பிரிந்து போவது. ஏற்காடு அடிவாரத்தில் 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் போல எல்லாவற்றையும் ஒரே வளாகத்துக்குள் வைத்துக்கொள்ளும் அனிமேஷன் கூடங்கள் குறைவு. இடைநிலை ஓவியமும் வண்ணமும் கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று போய்த் திரும்பும். 'டீமன் ஸ்லேயர்' எடுக்கும் யுஃபோடேபிள் பெரும்பகுதி வேலையைத் தன் கூரைக்குள்ளேயே வைத்திருக்கிறது. கையால் வரைந்த வாள்வீச்சும் கணினியில் செய்த நெருப்பும் அங்கே ஒட்டுத் தெரியாமல் பொருந்துவதற்கு அது முக்கியமான காரணம்.

வாரக் கணக்கு

ஜப்பானியத் தொலைக்காட்சி ஆண்டை ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்காகப் பிரிக்கிறது. ஒரு காலாண்டுக்கு 12 அல்லது 13 எபிசோட். ஆகவே 12, 13, 24, 25, 26 என்று முடியும் சீசன்களைப் பார்த்தால், கதை அந்த இடத்தில் முடிந்தது என்று எண்ண வேண்டாம். வாடகைக்கு எடுத்த காலாண்டு முடிந்தது. அமெரிக்காவில் கணக்கு வேறு. வாரம் ஐந்து நாள், 13 வாரம், மொத்தம் 65. அந்த எண்ணிக்கை இருந்தால்தான் உள்ளூர் நிலையங்களுக்குத் தினசரி ஒளிபரப்பாக விற்க முடியும். 1985இல் வந்த 'தண்டர்கேட்ஸ்' முதல் சீசனே 65 எபிசோட். 2003 முதல் 2006 வரை வந்த 'டீன் டைட்டன்ஸ்' ஐந்து சீசனும் சேர்ந்து அதே 65.

பெரும் குழப்பம் வருவது காமிக்ஸிலிருந்து எடுக்கும் தொடர்களில். ஜப்பானில் வாரப் பத்திரிகையில் வரும் படக்கதை ஓர் இதழுக்கு 19 பக்கம் சொச்சம். ஆண்டுக்கு ஐம்பதுக்கும் குறைவான அத்தியாயம். ஒரு எபிசோட் இரண்டு மூன்று அத்தியாயத்தை விழுங்கும். ஆண்டு முழுக்க 50 எபிசோட் ஒளிபரப்பினால் குறைந்தது 100 அத்தியாயம் வேண்டும். எவ்வளவு முன்னால் இருந்தாலும் காமிக்ஸை டிவி எட்டிப் பிடித்துவிடும். பிடித்ததும் மூன்று வழிதான்.

ஒன்று, இழுப்பது. 'டிராகன் பால் இசட்' 291 எபிசோட் ஓடியது. கிரகம் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று வில்லன் சொன்ன பிறகு சண்டை பல வாரம் நீண்டது. 2009இல் அதே தொடரைச் சுருக்கி மறுபடியும் வெளியிட்டார்கள் என்றால் எவ்வளவு இழுவை இருந்தது என்று கணித்துக்கொள்ளலாம்.

இரண்டு, காமிக்ஸில் இல்லாத கதையை நடுவில் நிரப்புவது. 'நருட்டோ' முதல் தொடரின் 220 எபிசோடில் 136க்குப் பிறகு வருபவை பெரும்பாலும் இப்படி நிரப்பியவை. பிள்ளைக்குப் பரீட்சை நெருங்குகிறது, ஆனால் தொடரை விட மனமில்லை என்றால், இந்தப் பகுதியைத் தாண்டினால் கதை ஓட்டம் கெடாது.

மூன்று, நிறுத்திவிட்டுக் காத்திருப்பது. 'அட்டாக் ஆன் டைட்டன்' முதல் சீசன் 2013, இரண்டாவது 2017. நடுவில் காமிக்ஸ் வளர்ந்தது. இன்றைய பெரிய தொடர்கள் அநேகமாக இந்த மூன்றாவது வழியைத்தான் எடுக்கின்றன. தரம் உயர்ந்தது, காத்திருப்பும் கூடியது.

எட்டிப் பிடிக்க மூலக்கதையே இல்லாவிட்டால்? 2005 முதல் 2008 வரை வந்த 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' அதற்கு நல்ல உதாரணம். நீர், நிலம், நெருப்பு, காற்றை ஆளும் நான்கு நாட்டவரைப் பற்றி டிவிக்கென்றே எழுதிய கதை. மூன்று பாகம், 61 எபிசோட், திட்டமிட்ட முடிவு. அதன் சண்டைகளுக்கு ஒரு தற்காப்புக் கலை ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டு, நீருக்குத் தாய்ச்சி, நிலத்துக்கு ஹுங் கர், நெருப்புக்கு வடக்கு ஷாவோலின், காற்றுக்குப் பாகுவா என நான்கு சீனக் கலைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். காற்றை ஆளும் 12 வயது நாயகன் ஆங் ஏன் எதிரியைச் சுற்றிச் சுற்றியே வருகிறான் என்பது பாகுவாவின் வட்ட நடையைப் பார்த்தவருக்குப் புரியும். மந்திரத்துக்கு உடம்பின் இலக்கணத்தைக் கொடுத்ததால், யார் எந்த நாட்டுக்காரர் என்பது நிற்கும் நிலையிலேயே தெரிந்துவிடுகிறது.

இனி தியேட்டர் கேள்வி: மிச்சக் கதையை டிவியில் காட்டாமல் ஏன் மூன்று படமாக எடுக்கிறார்கள்? 'டீமன் ஸ்லேயர்' காமிக்ஸ் 2020இலேயே 205 அத்தியாயத்தோடு முடிந்துவிட்டது. எட்டிப் பிடிக்கும் பிரச்சினை இல்லை. மீதமிருந்தது ஏறக்குறைய இடைவெளியில்லாத ஒரே பெரும் சண்டை. வாரம் 20 நிமிடம் என்று வெட்டினால் தாளும் போதாது, வேகமும் கெடும். படமாக எடுத்தால் வாரக் கெடு இல்லை, டிக்கெட் பணம் உண்டு. 2020இல் இதே தொடரின் ரயில் படம் அடைந்த பெருவெற்றியும் முன்னால் இருந்தது. முடிவு தெரியாமல் வெளியே வரும் கோபம் நியாயமானதே. சுவரொட்டியில் 'முதல் பாகம்' என்று பெரிதாகப் போட்டிருந்தால் பாதி கோபம் குறைந்திருக்கும்.

மங்கும் மின்னல்

இதற்குக் காரணம் பாதுகாப்பு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான 'போக்கிமான்' எபிசோட் ஒன்றில் சிவப்பும் நீலமும் வினாடிக்கு சுமார் 12 முறை மாறி மாறி ஒளிர்ந்தன. 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், வலிப்பு, மயக்கம், வாந்தியோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அடுத்த ஆண்டே கட்டுப்பாடு வந்தது: பளிச்சிடல் பொதுவாக வினாடிக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, சிவப்புக்குக் கூடுதல் கவனம். விதிக்குள் அடங்காத சண்டைக் காட்சியை ஒளிபரப்பின்போது மங்கலாக்குகிறார்கள். பிறகு வரும் டிஸ்க் பதிப்பில் அதே காட்சி பிரகாசமாக இருக்கும். வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவே: விளக்கைப் போட்டுவிட்டுப் பார்ப்பது, திரையிலிருந்து தள்ளி உட்காருவது. பளிச்சிடும் ஒளியில் எந்தப் பிள்ளைக்காவது கண் செருகினாலோ கை வெட்டினாலோ திரையை அணைத்துவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சிலம்பத்தை வரைந்தால்

கிரிட்டா, ஓபன்டூன்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் வந்த பிறகு நம் ஊர்ப் பிள்ளைகளும் தங்கள் வீரனை அசைத்துப் பார்க்கிறார்கள். வாளை விட்டுச் சிலம்பத்தை எடுப்பவர்களுக்கு ஒரு கண்கட்டு வித்தை காத்திருக்கிறது.

கம்பு வினாடிக்கு மூன்று சுற்று சுழல்கிறது என்று கொள்வோம். 24 ஓவியம் வரைந்தால் ஓவியத்துக்கு ஓவியம் 45 பாகை நகர்வு, கண் ஏற்றுக்கொள்ளும். 12 ஓவியம் என்றால் 90 பாகை. கம்பின் இரு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் அது வலப்பக்கம் சுற்றுகிறதா இடப்பக்கமா என்றே தெரியாது. 8 ஓவியம் என்றால் 135 பாகை. அது கண்ணுக்கு 45 பாகை பின்னால் போனதாகப் படும், கம்பு தலைகீழாகச் சுற்றும். வேகத்தை நான்கு சுற்றாக ஏற்றினால் சரியாக 180 பாகை. கம்பு நின்றே போகும்.

சரிசெய்ய மூன்று வழி. கம்புச் சுழற்சியை மட்டும் வினாடிக்கு 24ஆக வரையலாம். இது பயமுறுத்தும் எண்ணாகத் தோன்றினாலும், முனைகள் ஒரே மாதிரி என்பதால் நான்கே ஓவியத்தைச் சுழலவிட்டால் போதும். ஒரு முனையில் துணி சுற்றி நிறம் மாற்றலாம்; அப்போது எட்டு ஓவியம் ஆகும், ஆனால் திசை தெளிவாகும். அல்லது கம்பையே விட்டுவிட்டு, அது கடந்த பாதையை விசிறி வடிவ மங்கல் பட்டையாக வரையலாம்.

30 வினாடிக் காட்சி ஒன்றுக்கு மாதிரிக் கணக்கு, இடம் சங்ககிரிக் கோட்டை:

- கோட்டைச் சுவர்மேல் கேமரா நகர்வு, 4 வினாடி: 1 ஓவியம்
- எதிரெதிர் முகங்கள், முடி மட்டும் காற்றில் அசைய, 6 வினாடி: 8
- காலடி வைப்பு, நெருக்கக் காட்சி, 2 வினாடி: 16
- கம்புச் சுழற்சி, 2 வினாடி: கம்புக்கு 4, கைக்கு 8
- முதல் மோதல், இருவர், வினாடிக்கு 12 வீதம் 3 வினாடி: 72
- அடி விழும் கணத்தில் கறுப்பு வெள்ளை புரண்ட பிரேம்: 3
- இருவரும் உறைந்து நிற்க, புழுதி மட்டும் எழுவது, 3 வினாடி: 5
- பார்ப்பவர் முகம், 4 வினாடி: 3
- கடைசி மோதல், 4 வினாடி: 96
- முடிவு நிலை, 2 வினாடி: 1

மொத்தம் 217. எதையும் மிச்சம் பிடிக்காமல் இருவரையும் வினாடிக்கு 12 வீதம் வரைந்திருந்தால் 720. இந்த 217இல் 168 ஏழே வினாடிக்குப் போகிறது, போகவும் வேண்டும்.

ஏற்காட்டைக் களமாக வைப்பவர்களுக்குப் பனிமூட்டம் ஒரு வரம். பின்னணி மலைகளை இரண்டு மூன்று சாம்பல் அடுக்காகப் பிரித்து, அருகில் இருக்கும் அடுக்கை வேகமாகவும் தூரத்தை மெதுவாகவும் நகர்த்தினால் ஆழம் தானாக வரும்; மரம் மரமாக வரைய வேண்டாம். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் துரத்தல் காட்சி வைக்கும் ஆசையை முதல் படத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு வளைவிலும் பார்வைக் கோணம் திரும்புவதால் பின்னணியைத் திரும்பப் பயன்படுத்தவே முடியாது.

முதல்முறை வரைபவர்களுக்குக் கெட்டுப்போகும் இடங்கள் அநேகமாக இவைதாம். கம்பின் நீளம் ஓவியத்துக்கு ஓவியம் மாறும். ஆடுபவரின் புருவ உயரம் என்பது பரவலான வழக்கம் என்பதால், தன் தலையைப்போல் ஆறு மடங்கு உயரமுள்ள சிறுவனுக்குக் கம்பு ஐந்தரைத் தலை நீளம் என்று, அளவுகளைக் குறிக்கும் மாதிரித் தாளில் எழுதி ஒட்டிவிட வேண்டும். அடுத்தது, எல்லா ஓவியங்களுக்கும் ஒரே இடைவெளி விடுவது. அடி தண்ணீருக்குள் விழுவதுபோல் இருக்கும். ஓங்குவதற்கு 6 பிரேம், வீச்சுக்கு 2 அல்லது 3, விழுந்த பின் அடங்க 10 பிரேம் என்று கொடுத்தால் எடை வரும். மூன்றாவது, முதல் ஷாட்டில் இடப்பக்கம் நின்றவன் அடுத்ததில் வலப்பக்கம் நிற்பது. யார் அடித்தது என்றே புரியாது. கடைசியாக ஒலி: கம்பு மோதும் ஓசையை மோதும் பிரேமுக்கு ஒன்றிரண்டு பிரேம் பின்னால் வைக்க வேண்டும், முன்னால் வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.